இருபது வருஷ முகம்

"டாக்டர், தலையைத் தூக்காதீங்க. மோவாயை மட்டும் லேசா முன்னால கொண்டு வாங்க. ஆமை எட்டிப் பாக்குமே, அந்த மாதிரி."

டாக்டரம்மா ஆமையானார். ஸ்டுடியோக்காரி கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையாட்டினாள். காலமெல்லாம் பாஸ்போர்ட் படம் எடுத்துத் தள்ளியவள், ஆறு மாதமாகத்தான் முகப்படம் பழகுகிறாள். கடை அவள் அண்ணனுடையது. அவர் மூலையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, அவள் எப்போது சறுக்குவாள் என்று காத்திருந்தார்.

காரணம், அவர்களுக்குள் ஒரு பந்தயம். எடுத்த படத்தை அவள் இரண்டாகப் போடுவாள்: ஒன்று எடுத்தபடி, இன்னொன்று வலது இடது மாற்றி. எது சரியான முகம் என்று கேட்டால், படத்தில் இருப்பவர், தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய மாற்றிய முகத்தைத்தான் எடுப்பார். கூட இருப்பவர்கள், நேரில் பார்க்கும் முகத்தைத்தான் எடுப்பார்கள் என்பது அவள் கட்சி. இதுவரை முப்பத்தேழு பேர், ஒருவர்கூட அவள் சொன்னதைப் பொய்யாக்கவில்லை. ஒரே ஒரு தடவை தப்பினாலும் இந்த அறை மறுபடி பாஸ்போர்ட்டுக்குத்தான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தாராளமா என்று அவளும் சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மா அடுத்த வாரம் ஓய்வு பெறுகிறார். ஆஸ்பத்திரி ஹாலில் மாட்டப்போகிற படம். மோவாய் சரியாக வந்தது, வெளிச்சமும் வந்தது, கண்தான் வரவில்லை.

"வாசல்ல தம்பி நிக்கறான். அவனைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டரம்மா. "என் மூஞ்சி என்னைவிட அவனுக்குத்தான் அத்துப்படி."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக, இது அக்காவின் சிரிப்பே இல்லை என்றார். அக்கா நிஜமாகச் சிரித்தால் கண் சுருங்குமாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நாளைக்கு ஒரு பார்வை, கைமீறிப் போன நாளைக்கு ஒரு பார்வை. வாயைத் திறந்து கேட்கவே வேண்டாமாம்.

சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா என்று ஸ்டுடியோக்காரி கேட்டாள்.

"அதெல்லாம் கவனிச்சதில்லைங்க. எனக்குக் கண்ணுதான் தெரியும்."

பிறந்தால் இப்படி ஒரு தம்பியோடு பிறக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவரை லென்ஸுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஏதாவது பேசச் சொன்னாள்.

"அக்கா, அன்னிக்குத் தூக்கக் கலக்கத்துல கண்ணு முழிச்சு, எங்கிட்டயே 'எங்கேப்பா வலிக்குது'ன்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

டாக்டரம்மாவின் கண் சுருங்கியது. ஸ்டுடியோக்காரியின் விரல் அந்த நொடிக்குத்தான் காத்திருந்தது.

கால் மணி நேரத்தில் இரண்டு படங்களும் மேஜைமேல் இருந்தன. டாக்டரம்மா தயங்காமல் மாற்றிய படத்தைத் தொட்டார். முப்பத்தெட்டு என்று ஸ்டுடியோக்காரி மனதுக்குள் எண்ணிக்கொண்டு, தம்பியைப் பார்த்தாள்.

தம்பியும் அதே படத்தைத்தான் தொட்டார். "இதுதான் அக்கா. அது யாரோ மாதிரி இருக்கு."

ஸ்டுடியோக்காரி இரண்டு படங்களையும் அவர் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு தடவை நிதானமாகப் பார்க்கச் சொன்னாள்.

"இருபது வருஷமா காலையும் சாயங்காலமும் பாக்கற முகம். இதுல நிதானமா பாக்க என்னங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

அண்ணன் எழுந்து நின்றார். "பாஸ்போர்ட்டுக்கு வெள்ளைத் துணியை நீ மாட்டறியா, நான் மாட்டவா?"

அவள் டாக்டரம்மாவிடம்தான் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் புரியல டாக்டர். கூடப் பிறந்தவங்க யாருமே இதுவரைக்கும் இந்தப் படத்தை எடுத்ததில்ல."

"கூடப் பிறந்தவனா?" டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அவன் என் டிரைவர்மா. பின்சீட்டுல இருக்கற என்னை, இருபது வருஷமா காருக்குள்ள தொங்கற கண்ணாடியிலதான் பாத்துட்டு வர்றான்."