மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு?

ஒரு வருடமாக என் அறிவியல் வீடியோக்களைப் பார்த்தே படித்த வகுப்பு அது. அன்றுதான் புது டீச்சராக நேரில் போய் நின்றேன்.

"இன்னைக்கு நாம இதயத்தைப் பத்திப் பார்க்கலாம்" என்று ஆரம்பித்தேன். வகுப்பே திகைத்துப் பார்த்தது.

முன்பெஞ்சுப் பெண் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "மிஸ், முதல்ல இதைக் குடிங்க!"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"எங்க சித்தப்பாவும் இப்படித்தான் சொல்லிட்டு மயங்கி விழுந்தார் மிஸ்!"

ஒருத்தி என்னை நாற்காலியில் அமுக்கினாள். இன்னொருத்தி நோட்டால் விசிறினாள். கடைசி பெஞ்சு மொத்தமும் தலைமையாசிரியரைக் கூட்டிவரப் பறந்தது.

அவர் அலறியடித்து வந்தார். "என்னம்மா ஆச்சு?"

முன்பெஞ்சுக்காரி முந்திக்கொண்டாள். "பேச்சே வரமாட்டேங்குது சார்! வீடியோல மூச்சு விடாம பொரிஞ்சு தள்ளுவாங்க. இப்ப ஒவ்வொரு வார்த்தையா இழுக்குறாங்க!"

எனக்குப் பொறி தட்டியது. "வீடியோவை எந்த வேகத்துல வெச்சுப் பார்ப்பீங்க?"

"ரெண்டு மடங்குலதான் மிஸ். எல்லாரும் அப்படித்தான்!"

விழுந்து விழுந்து சிரித்தேன். வகுப்பும் சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயையோ! நானும் அப்படிப் பார்த்துட்டுத்தானே, 'என்னா சுறுசுறுப்பு'ன்னு உங்களை வேலைக்கு எடுத்தேன்!"