எழுவாய்

தங்கமுத்துவின் பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

அறிக்கையை எழுதியவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. கணினியில் அந்தக் கோப்பை அவளோடு சேர்த்து நான்கு பேர் திறந்து வைத்திருந்தார்கள்.

அவள் எழுதியிருந்தது இதுதான்.

மேற்பார்வையாளர் தங்கமுத்து, கருப்பணனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்.

சாயப்பட்டறையின் பாதுகாப்பு அலுவலர் அவள். தொட்டிக்குள் விஷவாயு தாக்கிக் கருப்பணன் இறந்து ஐந்து நாள். திங்கட்கிழமை அறிக்கை அரசு ஆய்வாளருக்குப் போக வேண்டும்.

வலது ஓரத்தில் மேலாளரின் கருத்து வந்தது. பெயர் வேண்டாம், பதவி போதும்.

நியாயமாகத்தான் பட்டது. ஏற்றாள்.

மேற்பார்வையாளர், கருப்பணனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்.

அடுத்து வக்கீல். அவருடைய திருத்தங்களுக்குப் பச்சை நிறம். ஷிப்டுக்கு ஒரே மேற்பார்வையாளர்தான், பதவியைச் சொன்னாலும் ஆளைச் சொன்னதாகிவிடும், நீக்கலாம் என்று எழுதியிருந்தார்.

அதை இரண்டு முறை வாசித்தாள்.

பிறகு ஏற்றாள்.

கருப்பணனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்.

மறுநாள் காலை முதலாளியின் மகன் எழுதியிருந்தார். தமிழில் பிழை பொறுக்காதவர். எழுவாய் இல்லை, வாக்கியம் நிற்கவில்லை. கீழே அவரே திருத்தியும் இருந்தார்.

கருப்பணன் கழிவுத் தொட்டிக்குள் இறங்கினார்.

ஓர் 'ஐ' போயிருந்தது. ஒரு 'க்', 'ங்' ஆகியிருந்தது.

வாக்கியம் இப்போது நின்றது.

இதை அவள் ஏற்கவில்லை. பதில் எழுதினாள். உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்க்காமலே அவரை இறக்கியதை மூன்று தொழிலாளர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.



மதியம் மேலாளர் போனில் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டார். வாயு பார்க்கிற மீட்டர் இரண்டு மாதமாகப் பழுதாகிக் கிடந்ததைச் சொன்னார். இறக்கினார் என்று எழுதினால், ஏன் பார்க்காமல் இறக்கினார் என்று கேட்பார்கள். மீட்டர் என்ன ஆயிற்று என்பார்கள். 'மீட்டர் நல்ல நிலையில் உள்ளது' என்று மாதாமாதம் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது யார் என்பார்கள்.

உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று முடித்தார்.

கையெழுத்து அவளுடையது. புது மீட்டர் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டிருந்தாள்.

வாயால் கேட்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு, திருத்தத்தை ஏற்கும் டிக்கை அழுத்தினாள்.

நிறங்கள் மறைந்தன. முதலிலிருந்தே அப்படித்தான் எழுதப்பட்டது போல வரி கறுப்பாக நின்றது.

அடுத்த வாரம் கருப்பணனின் மனைவி பாவாயி அறிக்கையின் நகல் வாங்க வந்தாள்.

உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"அவரு யாராச்சும் சொன்னாத்தானுங்க எதையும் செய்வாரு," என்றாள். "சொல்லாம ஒரு தம்ளரக்கூட நகத்த மாட்டாரு. எறங்குன்னு யாரு சொன்னாங்கன்னு இதுல இல்லீங்களே."

அலுவலர் கணினியில் கோப்பின் பழைய வடிவங்களைத் திறந்தாள். காட்டிவிடலாம் என்றுதான் திறந்தாள்.

தங்கமுத்துவின் பெயர் அங்கே அழியாமல் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு, நேரத்தோடு வரிசையாக இருந்தது. சொன்னவர்கள் மூன்று பேர்.

ஏற்றவர் ஒருவர்.

மூன்று இடத்திலும் அவள் பெயர்தான்.

திரையைப் பாவாயியின் பக்கம் பாதி திருப்பியிருந்தாள். கை அப்படியே நின்றது.

"இத எழுதுனது யாருங்க மேடம்?"

"நான்தாங்க."

பாவாயி அவள் முகத்தைப் பார்த்தாள்.

நகல் பெற்றதற்குக் கையெழுத்து வாங்க ஒரு தாள் இருந்தது. 'அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. பாவாயி அதையும் விரல் வைத்து வாசித்தாள். பேனாவை வாங்கி, 'புரிந்துகொண்டேன்' மேல் ஒரு கோடு போட்டாள். எழுதிப் பழகாத கை. கோடு வளைந்து கீழே இறங்கிவிட்டது. அது முடிந்த இடத்திலேயே தன் பெயரை எழுதினாள்.

நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அலுவலர் அந்தத் தாளை ஸ்கேன் செய்து கோப்பில் சேர்த்தாள்.

பத்து நிமிடத்தில் ஓரத்தில் மேலாளரின் கருத்து வந்தது. கையெழுத்து மட்டும் தெரியும்படி வெட்டிப் போடவும்.

படத்தின் மேல் வெட்டும் சட்டத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். கோடு பெயரின் முதல் எழுத்தோடு ஒட்டியிருந்தது. கோட்டை விட்டால் பெயர் பாதியாகிவிடும். பெயர் முழுதாக வேண்டுமென்றால் கோடும் வரும்.

பெரிதாக்கிக் கோட்டின் மேல் வெள்ளையைப் பூசலாம். ஒரு நிமிட வேலை.

அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

பதில் பெட்டியில் எழுதினாள். வெட்ட வரவில்லை.

திரையின் மேல் மூலையில் மற்ற மூன்று பேரின் பெயர்களும், அவர்கள் கோப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியோடு இருந்தன.

அனுப்பினாள்.