சாறு சேராத வட்டு

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பார்க்கிறாள் ஆய்வு மாணவி. பல்லிடுக்கிலிருந்து எடுத்து வளர்த்த கிருமிகள் பாலாடைபோல் படர்ந்திருக்கின்றன. ஆல்கஹாலில் இறக்கிய கொய்யா இலைச்சாற்றில் தோய்த்த காகித வட்டைச் சுற்றித் தெளிந்த வளையம். "பாத்தியா? ஒண்ணுகூட கிட்ட அண்டல. நாளைக்கு சார் வாயடைச்சுப் போயிடுவாரு," என்கிறாள் சீனியர் அக்கா. அக்காவின் மூன்று வருட ஆய்வு இது. மாணவிக்கு மனசு ஒப்பவில்லை. சாறே சேர்க்காமல் வெறும் ஆல்கஹாலில் நனைத்த வட்டு பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியும் அதே அளவு வளையம். கொன்றது இலையா, ஆல்கஹாலா? "வட்டெல்லாம் நல்லா காய வெச்சுட்டுத்தான வெச்சீங்க?" "ஏன்டி, போலீஸ்ல சேந்துட்டியா? போட்டோ எடு." அக்கா செல்போனைக் கொடுத்துவிட்டுத் தட்டை வாங்கிப் பிடிக்கிறாள். அவளுடைய கட்டைவிரல் ஆல்கஹால் வட்டையும் அதன் வளையத்தையும் மறைத்துக் கண்ணாடிமேல் கச்சிதமாகப் படிந்திருக்கிறது. "விரலக் கொஞ்சம் நகத்துங்கக்கா." அக்கா சிரிக்கிறாள். விரல் நகரவில்லை.