முதல் லோடு

மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து கிடந்த ஹாலோ பிளாக் கற்கள் அன்று காலை லாரியில் ஏறின. உடைசல் இல்லாமல் நல்ல கல்லாகப் பொறுக்கி ஏற்றச் சொல்லி ஆபீஸிலிருந்து உத்தரவு.

"மாமா, ஆர்டர் வந்துடுச்சு!" கல் ஏற்றிக்கொண்டிருந்த மைத்துனன் கத்தினான். "இப்பவாவது கொஞ்சம் சிரி. உன் மூஞ்சியப் பாத்துக் கல்லே விரிசல் விடுது."

கல் அடிக்கும் மெஷின்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டட வேலை எங்கும் ஓடவில்லை, ஆர்டர் வராவிட்டால் பின் ஷெட்டில் ஒருவருக்கும் வேலை இருக்காது என்று போன வாரம்தான் மேனேஜர் சொல்லியிருந்தார். மாமனும் மைத்துனனும் பின் ஷெட் ஆட்கள்.

அவர் லாரி டிரைவரிடம் போனார். "லோடு எங்கண்ணே போகுது?"

"தெரியலப்பா. ஏத்தி முடிச்சதும் சூப்பர்வைசர் வந்து சொல்வாராம். கயிறுகூடக் கட்ட வேணாம்னுட்டாங்க."

"அப்ப சைட்டு பக்கத்துலதான்," என்றான் மைத்துனன். "பக்கத்துலன்னா தினமும் நாலு நடை போகும். நீ என்னடான்னா வாட்ச்மேன் வேலைக்குப் போறேங்குற."

அந்த வாட்ச்மேன் வேலைக்காக மெஷின்காரர் யார் யார் காலிலோ விழுந்திருந்தார். இங்கே வாங்குவதில் பாதிச் சம்பளம். வருகிறாரா இல்லையா என்று மதியத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். அவர் அடித்த கல்தான், கணீரென்றது. மனைவிக்குப் போன் போட்டார்.

"அந்த வாட்ச்மேன் வேலை வேணாம்னு உன் சித்தப்பாகிட்ட சொல்லிடு."

"நல்லா யோசிச்சுக்கங்க. வேற ஆளப் போட்டுட்டா அப்புறம் தலைகீழா நின்னாலும் கிடைக்காது."

"போட்டுக்கட்டும். இங்க லோடு கிளம்புது."

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். சித்தப்பா வேறு ஆளை எடுத்துவிட்டாராம். போனைப் பையில் போட்ட பிறகுதான் மெஷின்காரர் சிரித்தார். மைத்துனன் விசிலடித்தான்.

சூப்பர்வைசர் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் டிரைவரிடம் கையை நீட்டிக் காட்டினார்.

"பின் ஷெட்டுக்கு எடுப்பா, வாசல சுவர் வெச்சு மூடணும்."