குடல்வால்

"சபை என்றால் இந்தக் கட்டடம் இல்லை. நாம்தான் சபை. நாமெல்லாம் சேர்ந்து ஒரே உடல்" என்றார் போதகர்.

"கொர்ர்ர்..." என்றது கடைசி பெஞ்ச்.

முன் வரிசையில் இருந்த செக்ரட்டரி திரும்பி முறைத்தார். அவர் முறைத்தால் பால் திரிந்துவிடும்.

"சுண்டுவிரலில் முள் குத்தினால் கண்ணில் தண்ணீர் வருகிறதா இல்லையா? அதுதான் சபை."

"கொர்ர்ர்... புஸ்ஸ்."

பெயின்டர்தான். வாராவாரம் இதே கதை. அவர் பேரே பலருக்கு மறந்து போச்சு. 'குறட்டை' என்றால்தான் தெரியும்.

போதகர் நல்ல மனுஷர். பேச்சுதான் நீளம். அன்றைக்குச் சீக்கிரம் முடித்தார். குறட்டையோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது?

ஜெபம் முடிந்ததும் செக்ரட்டரி எழுந்தார்.

"யாரும் போகாதீங்க. இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

"முதியோர் இல்லத்து வண்டி இன்னும் வரலையேங்க?" என்றாள் தையல்காரம்மா.

அன்று முதியோர் ஞாயிறு. இல்லத்திலிருந்து பெரியவர்களை அழைத்துவந்து பூச்செண்டு கொடுப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவரே செக்ரட்டரிதான். வண்டி வழியில் பஞ்சர்.

"அது வரும்போது வரட்டும். முதல்ல இந்த ஆளு."

பெயின்டரை உலுக்கி எழுப்பினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். காது மடலில் நீலப் பெயின்ட்.

"சனிக்கிழமை ராத்திரி எங்கய்யா போற? விடியக்காலையில நீ தள்ளாடிக்கிட்டு வர்றதை இந்தக் கண்ணால பார்த்தேன்."

"சும்மா... கொஞ்சம் வேலை இருந்துதுங்க."

"ராத்திரியில என்ன வேலை? நிலாவுக்கு வெள்ளையடிக்கப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெயின்டரும் சிரித்தார். அதுதான் செக்ரட்டரிக்குப் பொறுக்கவில்லை.

"நாங்க ஒரு சுருதியில பாடினா, இவரு வேற சுருதி பிடிக்கிறாரு. ஆர்மோனியக்காரன் இவரு பின்னாடியே போயிடறான்" என்றார் பாடகர் குழுத் தலைவர்.

"அவரும் நம்ம உடம்புல ஓர் உறுப்புதானே..." என்று இழுத்தார் போதகர்.

"சரிங்க ஐயா, அப்படியே வச்சுக்குவோம். நான் இந்தச் சபைக்குக் கண்ணு. எல்லாத்தையும் பார்க்கிறேன். பாட்டுக்காரங்க வாய். தையல்காரம்மா கை. இந்த ஆளு என்ன?"

"மூக்கு!" என்றார் யாரோ.

மறுபடி சிரிப்பு. செக்ரட்டரி சிரிக்கவில்லை.

"குடல்வால்! இருந்தா ஒரு உபயோகமும் கிடையாது. வலிதான் மிச்சம். அறுத்து எறிஞ்சா உடம்புக்கு நல்லது."

போதகர் தலையைச் சொறிந்தார். உடல் என்று ஆரம்பித்து வைத்தவர் அவர்தானே.

"சபையை விட்டு நீக்கிடலாம். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

பெயின்டர் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு போனது.

"வேணும்னா வெளியில படிக்கட்டுல உட்கார்ந்துக்கிறேங்க. நீக்கிடாதீங்க. எனக்கு வேற யாரு இருக்கா? நாளைக்கு நான் செத்தா தூக்கிட்டுப் போக நாலு பேராவது வேணாமா?"

"நீ போய் உட்காரு. சபை பார்த்துக்கும்."

போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

ஒரு கை எழுந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது. எல்லாவற்றுக்கும் மேலே செக்ரட்டரியின் கை.

வாசலில் ஹாரன் சத்தம்.

டிரைவர் முதல் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அதில் செக்ரட்டரியின் அப்பா.

"அப்பா! வாங்க, வாங்க!"

ஒரு கையைத் தூக்கியபடியே ஓடி, மறு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "என்னைப் பெத்தவர்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"சபை வேலை தலைக்கு மேலப்பா. அதான் சனிக்கிழமை சனிக்கிழமை உங்களைப் பார்க்க வர முடியல."

"அதனால என்னடா? நீ வரலேன்னாலும் ஆள் அனுப்பிடறியே. அந்த மனசு யாருக்கு வரும்?"

"நானா?"

"'உங்க மகன்தான் அனுப்பினாரு'ன்னு சொல்லிக்கிட்டு ஒரு பிள்ளை வரும். எனக்கு ராத்திரியானா மூச்சு முட்டுதுல்ல? விடியற வரைக்கும் நெஞ்சைத் தடவி விட்டுக்கிட்டுப் பக்கத்துலயே இருக்கும். ஒரு பொட்டுக் கண்ணை மூடாது."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. செக்ரட்டரியின் கை மட்டும் அப்படியே நின்றது. இறக்க மறந்துவிட்டார்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெஞ்ச் பெஞ்சாகத் தேடினார்.

"எங்கடா அந்தத் தூங்காத பிள்ளை?"

கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"கொர்ர்ர்..."