இதைவிட அசிங்கமா ஒண்ணு

“இதைவிடக் கொஞ்சம் அசிங்கமா ஏதாவது கீதா தம்பி?”

மேற்கு தாம்பரம் கடைத்தெருவில் லேப்டாப் விற்கும் மோகன்ராஜ் தன் காதைச் சந்தேகித்தான். மலிவாகக் கேட்பார்கள். நல்லதாகக் கேட்பார்கள். பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகக் கேட்டு வியாபாரியின் ஆயுளைக் குறைப்பார்கள். அசிங்கமாகக் கேட்டவர் அங்காளம்மாள் ஒருவர்தான்.

பக்கத்தில் நின்ற மருமகள் அனுப்பிரியாவுக்குக் காது சூடேறியது.

சேலையூர் ஆடிட்டர் ஒருவர் அவளுக்கு வேலை தந்திருந்தார். வீட்டிலிருந்தே கணக்கு எழுதலாம். சொந்த லேப்டாப்போடு திங்கட்கிழமை சேர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாங்கப்போகும் முதல் சம்பளம். “லேப்டாப்பு நான் வாங்கித் தரேன்” என்று மாமியார் சொன்னபோது அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இப்போதும் வந்தது. காரணம்தான் வேறு.

“இதைப் பாருங்கம்மா. ஸ்லிம். வெயிட்டே தெரியாது” என்றான் மோகன்ராஜ்.

“வாணாம்பா. அப்பறம் தூக்கினு போறதுக்கு சுலபமாப் பூடும்.”

“லேப்டாப்பே தூக்கிட்டுப் போறதுக்குத்தானேம்மா?”

“அதான் எங்க வூட்ல தொந்தரவு. சவுண்டு எப்டி?”

“தியேட்டர்ல உட்கார்ந்த மாதிரி இருக்கும்!”

“உள்ள வை.”

“இது கேமிங்குக்கு…”

“அதையும் உள்ள வை.”

கடையின் மறுகோடியில் அனுப்பிரியாவின் கணவன் வெற்றிவேல் ஒரு லேப்டாப்பைத் தடவிக்கொண்டிருந்தான். அதன் கீபோர்டில் சிவப்பும் நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடின. ஆடி மாத அம்மன் கோயில் சீரியல் செட் தோற்றது. பெண்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்தார்கள். அவன் ஸ்கூட்டரில் வந்தான். லாவெண்டர் நிற ஸ்கூட்டர். போன வருஷம் அனுப்பிரியாவுக்கென்று அங்காளம்மாள் தேடித் தேடி வாங்கியது. அதன் நெற்றியில் இப்போது ‘வெற்றி’ என்று ஸ்டிக்கர்.

“ம்மா! இது சூப்பரா கீதும்மா, இதையே அனுவுக்கு வாங்கிடலாம்” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

“அவளுக்கு எதுக்குடா அம்மாம் பெரிய ஐட்டம்? கூட்டிக் கழிக்கத்தானே போறா?”

சார்ஜர் வாங்க வந்திருந்த ஒரு பெண்மணி தன் கணவரிடம் முணுமுணுத்தாள்: “வாடகைக்கு வுட்ட வூடு மட்டும் ஒரு தெரு நீளத்துக்கு இருக்கு இந்தம்மாவுக்கு. மருமகள்னா மட்டும் கை வராது.”

முணுமுணுப்பு என்பது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்பது. இது எல்லோருக்கும் கேட்டது. அங்காளம்மாளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

“அத்தை,” அனுப்பிரியா குரலை இறக்கினாள், “உங்களுக்குச் சிரமம்னா நானே தவணையில…”

“நீ சும்மா இரு.”

மோகன்ராஜ் நல்ல வியாபாரி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்தவுடன் பாயைத் திருப்பிக் கட்டினான். உள்ளே போய், சாம்பல் நிறத்தில் கனமான ஒரு வஸ்துவைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தான்.

“அம்மா, இதைப் பாருங்க. சவுண்டு கிணத்துக்குள்ளேர்ந்து வரும்.”

அங்காளம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேமு?”

“சீட்டாட்டத்துக்கே மூச்சு வாங்கும்மா.”

“கிரிக்கெட்டு?”

“மஞ்ச டீமும் செவப்பு டீமும் ஒரே கலர்ல தெரியும். அதுவும் நேரா உட்கார்ந்தாத்தான். படுத்துக்கினு பார்த்தா மொத்தமும் கறுப்பு!” மோகன்ராஜின் குரலில் ஒரு தந்தையின் பெருமிதம்.

“கணக்கு?”

“அது மட்டும் எழுதும்மா. எழுத்து பளிச்சுனு தெரியும். எக்செல், மெயில், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. ஆனா மக்கர் பண்ணாது. ஆபீசுக்குன்னே செஞ்சது. கீழ வுழுந்தா தரைக்குத்தான் அடி. விலையும் கம்மி, மூணு வருஷம் வாரண்டி.”

“டேய் வெற்றி, இங்க வா. இது எப்டி கீது பாரு.”

வெற்றிவேல் வந்தான். ஊசிப்போன டிபன் பாக்ஸைத் திறப்பதுபோல் இரண்டு விரலால் மூடியைத் தூக்கினான். ஒரு பட்டனைத் தட்டினான். முகம் கோணியது.

“அய்ய! இன்னாம்மா இது, சிலேட்டு மாதிரி கீது! ஓசில குடுத்தாக்கூட நான் தொட மாட்டேன்.”

“நெசமாவா?”

“சத்தியமா தொட மாட்டேன்மா.”

அங்காளம்மாளின் முகத்தில், பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த நிறைவு.

“தம்பி, இதையே பில்லு போடு.”

“என்னமோ பண்ணுங்க. எனக்கு வேலை கீது. நீங்க ஆட்டோல வந்துடுங்க” என்று வெற்றிவேல் சாவியைச் சுழற்றியபடி வெளியேறினான்.

கடை வாசலில், கனத்த பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்ற அனுப்பிரியாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“காசு உங்களுது, நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா கடையில எத்தனையோ நல்லது இருந்துச்சே அத்தை. எனக்கு வாங்கினா மட்டும் ஏன் இப்படி?”

அங்காளம்மாள், நெரிசலில் நெளிந்து மறைந்துகொண்டிருந்த லாவெண்டர் ஸ்கூட்டரைக் கைகாட்டினார்.

“போன தபா உனக்குன்னு நல்லதாப் பாத்து வாங்கினது, அதோ போவுது பாரு. இதாவது உன்கிட்டயே இருக்கட்டும்.”