பின் இருக்கை

மணி இரண்டு நாற்பத்தொன்று.

பகல்தான். ஜன்னலில் இருட்டு. மார்கழியில் இங்கே சூரியன் வருவதில்லை.

மலைப்பாதையைக் காலையிலேயே பூட்டிவிட்டார்கள். நோர்வேயின் வடக்கு விளிம்பில் இருக்கும் இந்த மீன்பிடி ஊருக்கு வர ஒரு பாதை. போகவும் அதே பாதை.

லொறி வரவில்லை. மீன் தொழிற்சாலையில் வேலை இல்லை. மூன்று ஆண்கள் அவளுடைய குசினி மேசையைச் சுற்றி இருந்து ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பனியில் ஓடுகிற ஸ்கூட்டர். சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் றப்பர் பட்டி.

"ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் எடுத்தா பெற்றோல் குடிக்கும், நேசண்ணை," என்றான் கேதீஸ். மூவரில் இளையவன்.

"நாலு ஸ்ட்ரோக் பாரமடாப்பா," என்றான் தவம். "புதைஞ்சா ஆர் தூக்கிறது? நீயோ? மீன்பெட்டிக்கே ஆள் கூப்பிடுறனி."

நேசன் கடையின் படப்புத்தகத்தைப் புரட்டினான்.

அவள் தன் கணவன் நேசனின் கோப்பைக்குத் தேநீர் ஊற்றினாள். சட்டைப் பையில் தொலைபேசி கனத்தது.

ட்ரொண்ட்ஹைம் நகரத்து முதியோர் இல்லம். சமையற்கூடத்தில் முழுநேர வேலை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் ஆம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இன்று வெள்ளி.

மகள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. வரைபடத்தில் பார்த்திருந்தாள். பேரப்பிள்ளையின் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனால் பத்து.

நேசனுக்குத் தெரியாது. நான்கு நாளாகச் சொல்லப் பார்த்தாள். நான்கு நாளும் அவன் ஸ்கூட்டரைப் பற்றியே பேசினான்.

ஸ்கூட்டர் கடை மலைக்கு அந்தப் பக்கம். கையிருப்பில் மூன்று நிற்கின்றன. மூன்றும் ஒருவர் மட்டும் இருக்கிற மொடல். மூன்றையும் சேர்த்து எடுத்தால் கடைக்காரன் விலையில் குறைப்பான். திங்கட்கிழமை விலை ஏறுகிறது.

இரண்டு பேர் இருக்கிற மொடல் இன்னும் வரவில்லை. அடுத்த மார்கழி என்கிறான். போன வருடமும் அதைத்தான் சொன்னான்.

"ஒராள் சீட்டை எடன்," என்றான் தவம். "நீ விலகினா எங்களுக்கும் குறைக்க மாட்டான். மனிசியை ஏத்திக்கொண்டு எங்க போகப்போறாய்? இங்க தேர்த் திருவிழாவோ நடக்குது?"

கேதீஸ் சிரித்தான்.

நேசன் சிரிக்கவில்லை. "போன மாசி மறந்துபோச்சோ?"

தவம் தன் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

போன மாசியில் மகளுக்குப் பிரசவம். பாதை மூன்று நாள் பூட்டிக் கிடந்தது. விமான நிலையமும் மலைக்கு அந்தப் பக்கம்தான். மூன்று நாளும் அவள் கோட்டைக் கழற்றாமல் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். குழந்தையின் முதல் அழுகையைத் தொலைபேசியில் கேட்டாள்.

அன்றைக்கு நேசன் பனி வெட்டும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மலைவரை வெட்டப்போகிறவனைப் போல. வாசலிலிருந்து வீதிவரை வெட்டினான். பனி மூடியது. திரும்ப வெட்டினான்.

"அடுத்தமுறை பூட்டினா பூட்டட்டும்," என்றான் இப்போது. "நான் ஏத்திக்கொண்டு போய் விடுவன்."

அவள் கேத்தலை வைத்தாள்.

இரண்டு ஐம்பது.

வீட்டில் தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு ஒன்றுதான். குளியலறை.

உள்ளே போய் முதியோர் இல்லத்தின் எண்ணை அழுத்தினாள். பதிவு செய்த குரல் வந்தது. வரிசையில் நீங்கள் நான்காவது.

பிறகு பியானோ இசை.

சலவை இயந்திரத்தின் மேல் புது ஹெல்மெட் இருந்தது. அவளுடையது. ஸ்கூட்டர் வருமுன்பே வாங்கிவிட்டான். ஒரு ஞாயிறு மதியம், அவள் நித்திரை என்று நினைத்து, தையல் நாடாவால் அவளுடைய தலையை அளந்தான். விரல்கள் நெற்றியில் படாமல் அளந்தான்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

நீங்கள் மூன்றாவது.

குசினியில் தவத்தின் குரல். ஸ்கூட்டரின் கைப்பிடி சூடாகுமோ என்று கடைக்காரனிடம் கேட்கச் சொன்னான். கை விறைத்தால் பிறகு ஸ்கூட்டர் இருந்தென்ன, கழுதை இருந்தென்ன.

நீங்கள் இரண்டாவது.

ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தாள். பாரமில்லை. அதன் முகக்கண்ணாடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம் பிசுபிசுத்தது. அவன் அதைச் சுரண்டி எடுத்திருந்தான், அவள் பார்க்கக்கூடாதென்று.

திரும்ப வைத்தாள்.

இரண்டு ஐம்பத்தேழு.

குசினியில் கதிரை தரையில் உரசியது. காலடி குளியலறைப் பக்கம் வந்தது. கதவில் ஒரு விரல் இரண்டுமுறை தட்டியது.

"இஞ்சேரும்."

அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கடைக்காரன் லைனில நிக்கிறான். மூண்டு மணிக்குப் பூட்டப்போறானாம்."

அவன் காதிலும் தொலைபேசி இருக்கும். நடுவில் ஒரு பலகைக் கதவு.

இசை நின்றது. ஒரு பெண் நோர்வேஜிய மொழியில் வணக்கம் சொன்னாள். தெளிவான, அவசரமில்லாத குரல். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

"தவம் ஒராள் சீட்டை எடு எண்டுறான்," என்றான் நேசன் கதவுக்கு வெளியே. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ரெண்டு பேர் சீட் எண்டா இன்னும் ஒரு வருசம் பொறுக்க வேணுமாம். பொறுப்பமோ? நீர் சொன்னால்தான் நான் அவனுக்குச் சொல்லலாம்."